லோயர் கேம்ப்பில் திரும்பிய வண்டி

ஒரு ஏரியைப் பார்ப்பதற்கு ஒரு மாதம் திட்டம் போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. தேனியிலிருந்து தேக்கடிக்கு அப்படி என்ன தூரம்? காலையில் இட்லியைத் தின்றுவிட்டுக் கிளம்பினால் வெயில் உறைப்பதற்குள் குமுளியில் டீ குடிக்கலாம். நடுவில் ஒரு மாநில எல்லை வருகிறது, வாஸ்தவம்தான். ஆனால் எங்கள் பக்கத்து ஆட்கள் அதை எல்லையாக மதித்ததே இல்லை. கம்பம், கூடலூர்ப் பெண்கள் ஏலத்தோட்ட வேலைக்கு விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிக் கேரளாவுக்குப் போய், சாயங்காலம் சோறு பொங்க வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அதற்காக அவர்கள் யாரும் வாட்ஸ்அப்பில் குழு ஆரம்பித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

என் சகலை ஆரம்பித்தார். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை. காலாண்டுத் தேர்வு விடுமுறைக்கு அவர் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வருவது, மறுநாள் இரண்டு குடும்பமும் இரண்டு காரில் தேக்கடி போவது என்று அவரும் அக்கா தங்கையுமாகப் பேசி முடித்துவிட்டார்கள். அடுத்த நாளே குழு வந்துவிட்டது. அதில் மொத்தம் நான்கு பேர். இரண்டு பேர் அவர் வீட்டில் இருக்கிறார்கள், இரண்டு பேர் என் வீட்டில். குழுவின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு படகு, ஒரு யானை.

தினமும் காலையில் அதில் ஏதாவது விழும். ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர். அங்கே பிளாஸ்டிக் பாட்டில் கூடாது, எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர். அட்டை கடித்தால் போட உப்புப் பொட்டலம். ஐந்தே முக்காலுக்கு வண்டி கிளம்பும். ஆறு மணி என்று சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று தெரியவில்லை. மத்தியானப் படகுக்கு எட்டுப் பேருக்கும் டிக்கெட் போட்டாயிற்று. ஒரு நாள் வரைபடம் வந்தது. தேனியிலிருந்து ஒரு நீலக் கோடு கிளம்பி சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று போய், லோயர் கேம்ப்பில் மலையில் ஏறிச் சுருண்டு சுருண்டு குமுளியைத் தொட்டது. பிறந்ததிலிருந்து நான் போய்வருகிற ரோட்டை அவர் எனக்கு அனுப்பிக்கொடுத்தார். 'வழி முழுக்க இயற்கைக் காட்சி' என்று கீழே எழுதியிருந்தது.

"வாழைத்தோப்பையும் திராட்சைப் பந்தலையும் பாத்து இயற்கைக் காட்சிங்கிறாரே, இவரை என்ன செய்ய?" என்று என் மனைவியிடம் கேட்டேன்.

"பாக்காதவுகளுக்கு அது காட்சிதான்" என்றாள்.

கடைசியில் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் தட்டச்சு செய்து எனக்கு அனுப்பினார். அல்லிநகரத்தில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். "அண்ணா, இதை உங்க கடையில லேமினேட் பண்ணி வெச்சிருங்க. வண்டியில தொங்க விட்டுக்கலாம்" என்று குரல் செய்தி வேறு.

கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு மனிதர்கள் மேல் மரியாதை குறைந்துபோய்விட்டது, அதை ஒத்துக்கொள்கிறேன். ரேஷன் கார்டுக்கு நான்கு நகல் எடுத்து, நான்கையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்ப்பவர்கள். கோயில் பத்திரிகையை லேமினேட் செய்துவிட்டு ஓரத்தை இன்னும் கொஞ்சம் வெட்டித்தரச் சொல்கிறவர்கள். இவர்களுக்கெல்லாம் நான் கொடுக்கிற ஒரு பார்வை உண்டு. உதடு ஒரு பக்கமாகக் கொஞ்சம் இறங்கும். அவ்வளவுதான். அதற்கே அவர்கள் அடுத்த கடையைப் பார்த்துப் போய்விடுவார்கள். சகலையின் பட்டியலை அந்த உதட்டோடுதான் மிஷினில் விட்டேன். உறையைச் சரியாக இழுத்துப் பிடிக்காததால் நடுவில் ஒரு குமிழி விழுந்தது. இவருக்கு இது போதும் என்று விட்டுவிட்டேன்.

தேக்கடி போவதற்கு எங்கள் வீட்டில் இதற்கு முன்னாலும் பேச்சு எழுந்திருக்கிறது. இந்த இரண்டு வருடத்தில் ஒவ்வொரு தடவையும் நான் அதை மாதத்தைச் சொல்லியே சாய்த்திருக்கிறேன். கார்த்திகை, மார்கழியில் ஐயப்பன் வண்டிகள். ரோட்டை ஒருவழியாக்கிப் போகிறவர்களைக் கம்பம்மெட்டு வழியாகச் சுற்றி அனுப்புவார்கள். மாசி, பங்குனியில் ஏரியில் தண்ணீர் எங்கே இருக்கும், மொட்டைக் கட்டைகளைப் பார்க்கவா போவது? சித்திரையில் கண்ணகி கோயில் பௌர்ணமிக் கூட்டம். ஆனி, ஆடியில் மழை, பாறை உருளும். ஆவணியில் ஓணம், கேரளாக்காரன் எல்லோரும் அங்கேதான் இருப்பான். இந்தத் தடவை புரட்டாசி. புரட்டாசிக்கு என்ன சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். "மீன் திங்க முடியாத மாசத்துல கேரளாவுக்குப் போயி என்ன பண்றது?" என்று கேட்டுப் பார்த்தேன். என் மனைவி ஸ்வெட்டர்களை எடுத்து வெயிலில் போட்டாள்.

இவ்வளவும் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு மலைப்பாதையில் கார் ஓட்டப் பயம்.

தேனி ஜில்லாவில் பிறந்த ஆண் இதை வெளியே சொல்ல முடியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை நிற்கிற ஊரில், போடிமெட்டுக்கும் குமுளிக்கும் பையன்கள் பைக்கில் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு போகிற ஊரில், மலை ஏறப் பயம் என்று சொன்னால் சாகிறவரைக்கும் அதையே சொல்லிக் கூப்பிடுவார்கள். நான் கார் ஓட்டப் பழகியதே வயதுக்குப் பின்னால்தான். அதுவும் தேனி, கம்பம் என்று மேடு பள்ளமில்லாத ரோட்டில்.

மூன்று வருடத்துக்கு முன்னால் குடும்பத்தோடு முதல் தடவையாகத் தேக்கடிக்குக் கிளம்பினேன். அப்போது மகளுக்கு ஏழு வயது, மகன் கைக்குழந்தை. லோயர் கேம்ப்பைத் தாண்டி முதல் வளைவில் எதிரே ஒரு பஸ் இறங்கி வந்தது. பிரேக்கை மிதித்தேன், இன்ஜின் அணைந்துவிட்டது. மறுபடி எடுக்கும்போது வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது. பின்னாலிருந்த லாரிக்காரன் "ஏலே, ஏலே" என்று கத்தினான். கைப்பிரேக்கைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டேன். ஆனால் மறுபடி சாவியைத் திருப்பக் கை போகவில்லை. அந்த நேரத்தில்தான் பின் சீட்டில் மகள் வாந்தி எடுத்தாள்.

"பிள்ளைக்கு முடியல. திரும்பிருவோம்" என்றேன். லாரிக்காரனே இறங்கிவந்து கை காட்ட, வண்டியைத் திருப்பி இறங்கிவிட்டேன்.

அடுத்த வருடம் இரண்டாவது தடவை. இந்த முறை மலையே ஏறவில்லை. லோயர் கேம்ப்பில் மின்சார நிலையத்துக்குத் தண்ணீர் இறங்குகிற பெரிய குழாய்கள் தெரிகிற இடத்தில் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. கண்ணாடியில் மகளைப் பார்த்தேன். "மூஞ்சியப் பாரு, வெளிறிக் கெடக்கு. இவ இப்ப எடுத்துருவா" என்றேன். அவள் எடுத்தாள். சொல்லிவைத்த மாதிரி எடுத்தாள். வண்டியை ஓரங்கட்டி, "அந்த ஏரித் தண்ணிதான் இந்தக் குழாய்ல இறங்கி வருது. இதைப் பாத்தா அதைப் பாத்த மாதிரிதான்" என்று குழாய்களைக் காட்டினேன். வாயைத் துடைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் குழாய்களைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் அவளுக்கு அதுவே பட்டமாகிவிட்டது. கல்யாண வீட்டில் யாராவது, "ஏத்தா, வண்டியத் திருப்புனவ நீதானா?" என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பேன்.

சகலை சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு, மனைவியும் இரண்டு பையன்களுமாக வந்து இறங்கினார். சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். லேமினேட் செய்த பட்டியலை வாங்கி, குமிழியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அண்ணா, ஒன்னு சொல்லோணும். எனக்கு மலை ரோடுன்னா பயமுங்க. நான் ஓட்டுனதெல்லாம் பைபாஸ் ரோடுதான். நீங்க இந்த ஊர்க்காரரு. நீங்க முன்னால மெதுவாப் போனீங்கன்னா, உங்க வண்டியப் பார்த்துட்டே பின்னால வந்துருவேன்."

குழந்தைகள், பெண்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார். வெட்கமே இல்லாமல், சாப்பாட்டில் உப்பு கம்மி என்று சொல்கிற மாதிரி சொன்னார். நான் சிரித்தேன். உரக்கவே சிரித்தேன்.

"ஏலத்தோட்டத்து ஜீப்புல பொம்பளைக பதினெட்டுப் பேரு வெத்தலை போட்டுக்கிட்டே போறாக. டிரைவரு ஒத்தக் கையில பீடிய வச்சுக்கிட்டு ஓட்டுறான். இதுக்குப் போயி பயமாக்கும்? ஏலே, ஒங்க அப்பாவுக்கு ஒரு சேலை எடுத்துக் குடுங்கடா."

பிள்ளைகள் சிரித்தார்கள். சகலையும் சேர்ந்துகொண்டு சிரித்தார். அவருடைய பெரிய பையன் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தான். என் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை, தலையும் நிமிரவில்லை. என் மகள் கதவோரம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிரித்து முடித்த பிறகுதான் நிலைமை எனக்கு உறைத்தது. நாளைக் காலையில் நான் முன்னால் போக வேண்டும். பின்னால் இன்னொருவன் குடும்பத்தோடு என்னை நம்பி வருவான். முதல் வளைவிலேயே என் வண்டி பின்னால் நகர்ந்தால் அவன் மேல்தான் இடிக்கும். காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாமா, வண்டியில் காற்றைப் பிடுங்கிவிடலாமா என்றெல்லாம் யோசித்தேன். நாற்பத்து மூன்று வயது ஆள் யோசிக்கிற யோசனை.

சாப்பிட உட்கார்ந்தபோது மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். ஒரு வாரமாக அவளும் தயாராகிக்கொண்டுதான் இருந்தாள். காய்கறிக் கடையில் எலுமிச்சம்பழத்தை அவளே பொறுக்கி எடுத்தாள். துணிக்கடைக் கவர்களைச் சேர்த்து, ஓட்டை இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் ஊதிப் பார்த்தாள்.

"அப்பா, நான் வரலை" என்றாள். "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. நான் வந்தா திரும்ப வேண்டியிருக்கும்."

என் வயிற்றில் பாலை வார்த்தாள். அதுதான் எனக்கு முதலில் தோன்றியது, மறைக்க ஒன்றுமில்லை. பத்து வயதுப் பிள்ளை தன் ஆசையை விட்டுக்கொடுக்கிறாள், எனக்கு அப்பாடா என்று இருக்கிறது.

"பிள்ளையத் தனியா விட முடியாது. நான் வீட்டுல இருந்துக்கிறேன். நீங்க ஆறு பேரும் சகலை வண்டியிலயே போயிருங்க. ஒரே ரோடுதான், தப்புறதுக்கு வழியே இல்ல" என்றேன்.

"மாமா மாதிரி யாரு இருப்பாக?" என்றாள் கொழுந்தியாள். சகலைக்கு முகம் சுண்டிவிட்டது. இருந்தாலும், "சரிங்ணா, மெதுவாப் போயிக்கறேன்" என்றார். என் மனைவி என் தட்டில் குழம்பை ஊற்றினாள். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

காலையில் ஐந்தே முக்காலுக்கு அவர்கள் கிளம்பினார்கள். குமிழி விழுந்த பட்டியல் முன் கண்ணாடியில் தொங்கி ஆடியது. சகலை ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார். மெயின் ரோட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே இரண்டு தடவை ஹாரன் அடித்தார். 'இது போயி மலை ஏறப் போகுதாக்கும்' என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். டீ போட்டுக்கொண்டு பேப்பரை விரித்தேன். நிம்மதியாக இருந்தது.

உள்ளே மகள் என்னவோ செய்துகொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். எலுமிச்சம்பழத்தை ஃபிரிட்ஜில் வைத்தாள். கவர்களை ஒவ்வொன்றாகத் தடவி மடித்து, அடுக்களை இழுப்பறையில் பழைய இடத்திலேயே வைத்தாள். பிறகு குளிக்கப் போனாள். மேசை மேல் அவளுடைய ரஃப் நோட்டு திறந்து கிடந்தது. சகலையின் பட்டியலைப் படித்துச் சிரித்த மாதிரி இதையும் படித்துச் சிரிக்கலாம் என்றுதான் எடுத்தேன்.

மேலே 'தேக்கடி' என்று எழுதிக் கோடு போட்டிருந்தாள். முந்தின நாள் எண்ணெய்ப் பலகாரம் கூடாது. காலையில் ஒன்றும் சாப்பிடக் கூடாது. எலுமிச்சம்பழம் ஒன்று. கவர் ஆறு. ஜன்னல் பக்கம். கடைசி வரி: 'வாந்தி வந்தால் சத்தம் வராமல் எடுக்க வேண்டும். அப்பாவுக்குத் தெரியக் கூடாது.'

அதற்கும் கீழே, கொஞ்சம் இடம் விட்டு:

'முதல் தடவை: லோயர் கேம்ப். நான் வாந்தி.'

'இரண்டாம் தடவை: லோயர் கேம்ப். நான் வாந்தி.'

'மூன்றாம் தடவை:' என்று எழுதி, எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாள்.

நோட்டை மூடி வைத்தேன். பேப்பரைக் கையில் எடுத்தேன், ஒரு வரியும் ஓடவில்லை. அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஸ்கூல்லயும் தேக்கடிக்கு டூர் போறாகப்பா. மிஸ்கிட்ட வரலைன்னு சொல்லிட்டேன்."

"ஏந்தாயி?"

"நாப்பது பேரும் எனக்காகத் திரும்பி வரணும்ல. பாவம்."

அழவில்லை. முடிந்துபோன காரியத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள். இனி எந்த மலைக்கும் யாரோடும் போவதில்லை என்று அவளுக்குள் தீர்மானமாகியிருந்தது. அந்தத் தீர்மானத்தைக் கட்டிக்கொடுத்தவன் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். என் மேல் எனக்கு வந்த அருவருப்பு, கடைக்கு வருகிற எவன் மேலும் வந்ததில்லை.

"கவுனை மாத்து. நாமளும் போவோம்" என்றேன்.

"கார்லயா?"

"பஸ்ஸுல."

கொஞ்சம் யோசித்தாள். "பஸ் திரும்பாதாப்பா?"

"திரும்பாது."

ஃபிரிட்ஜிலிருந்து எலுமிச்சம்பழம் வந்தது. இழுப்பறையிலிருந்து ஆறு கவரும் வந்தன. நோட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

குமுளி பஸ்ஸில் அவள் ஜன்னலோரம், நான் பக்கத்தில். சின்னமனூரில் முறுக்கு விற்க ஏறியவனை நான் கூப்பிட்டேன். என் கையைப் பிடித்து வேண்டாம் என்றாள். கூடலூர் வரைக்கும் திட்டப்படி வெறும் வயிறு. லோயர் கேம்ப் வந்தது. குழாய்கள் மலைமேலிருந்து இறங்கி நிற்கிற இடத்தில் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தாள்.

"இங்கனதான்" என்றாள்.

பஸ் அந்த இடத்தைத் தாண்டிப் போனது. இரண்டாம் தடவை நான் ஓரங்கட்டிய புளியமரத்தையும் தாண்டியது.

நான் ஓட்டவில்லை, சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன். முதல் வளைவில் டிரைவர் ஸ்டியரிங்கை உடம்போடு சேர்த்துச் சுற்றினார். பஸ்ஸின் மூக்கு ரோட்டுக்கு வெளியே நீண்டது. மகளுடைய ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ரோடும் இல்லை, மரமும் இல்லை. கீழே எங்கேயோ தென்னந்தோப்பு தெரிந்தது. முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். அடுத்தது வலது பக்கம். அப்புறம் இடது. இரைச்சல் பாலத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, பார்க்கவில்லை. சட்டை முதுகில் ஒட்டிவிட்டது.

யாரோ தோளைத் தொட்டார்கள்.

"அப்பா. எடுத்துட்டேன்."

கண்ணைத் திறந்தேன். முடிச்சுப் போட்ட கவர் ஒன்று அவள் கையில் இருந்தது. ஒரு சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. எழுதியிருந்தபடியே செய்திருந்தாள். எவர்சில்வர் பாட்டிலைத் திறந்து வாய் கொப்பளித்தாள்.

"பஸ் நிக்கலைப்பா."

"ம்."

"திரும்பவும் இல்ல."

"ம்."

மறுபடி கண்ணை மூடினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது.

"உங்களுக்கும் வாந்தி வருதா?"

"இல்லடா."

"அப்புறம் ஏன் கண்ண மூடியிருக்கீக?"

தூக்கம் என்று சொல்லலாம். அவளுக்கு ஒரு கேலியைச் சொல்லி வாயை அடைக்கலாம். எனக்கு அது கைவந்த கலை.

"பயமா இருக்கு" என்றேன்.

"கீழ பாத்தா?"

"ஆமா."

"அன்னைக்கும் பயந்தீகளா?"

"ஆமா."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்."

மாதா கோயில் வளைவு வந்தது. பக்கத்து சீட்டுக்காரர்கள் கும்பிட்டார்கள்.

"அப்ப நான் வாந்தி எடுத்ததுனால திருப்பலையா?"

"இல்ல. என் பயத்துனாலதான் திருப்புனேன்."

அவள் அழுதிருந்தால் நான் சமாளித்திருப்பேன். கோபப்பட்டிருந்தாலும் பரவாயில்லை. நிதானமாக எதையோ நினைத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"நேத்து சித்தப்பாவைப் பாத்துச் சிரிச்சீகளேப்பா."

நான் முன் சீட்டுக் கம்பியை இன்னும் இறுகப் பிடித்தேன். அவள் எலுமிச்சம்பழத்தை என் கையில் வைத்தாள். "மோந்துக்கங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடைசி வளைவுவரை நான் அதை மோந்துகொண்டுதான் வந்தேன்.

குமுளியில் இறங்கியதும் மனைவிக்கு போன் செய்தேன். படகுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, துறைக்கு வாங்க என்றாள். எப்படி வந்தீர்கள் என்று கேட்கவில்லை. மரங்களுக்கு நடுவே தண்ணீர் தெரிந்ததும் மகள் நின்றாள். தண்ணீருக்குள் பட்டமரங்கள் நின்றன. ஒன்றின் உச்சியில் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது.

"இது வேறப்பா. குழாய் மாதிரியே இல்ல" என்றாள்.

எங்களைப் பார்த்ததும் சகலை ஓடிவந்தார். "வந்துட்டீங்களா அண்ணா. ஃபர்ஸ்ட் கியர், செகண்ட் கியர், அவ்வளவுதானுங்க. மூனு எடத்துல நிறுத்தி நிறுத்தி வந்தேன். பாருங்க, இன்னும் நடுங்குது" என்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். உண்மையிலேயே நடுங்கியது. வழக்கமான உதடு இறங்கப் பார்த்தது. மகள் என் விரலைப் பிடித்து இழுத்தாள்.

"சொல்லுங்கப்பா."

எல்லோரும் பார்த்தார்கள். சொன்னேன். மலைப்பாதை எனக்கும் பயம், இரண்டு தடவையும் அதனால்தான் திரும்பினேன், பிள்ளையால் இல்லை. பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வந்ததையும் சொன்னேன்.

சகலை சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"அட, நேத்தே சொல்லியிருக்கலாமுங்களே. எல்லாருமே பஸ்ஸுக்கு வந்திருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். பையன்களைக் கூட்டிக்கொண்டு படகு வரிசையைப் பார்க்கப் போய்விட்டார்.

மனைவி தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எனக்கு மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"நீங்களா சொல்லுவீகன்னு பாத்தேன். மூனு வருசம் ஆயிருச்சு."

அப்போது அவள் ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு நன்றாகப் பழக்கமான பார்வைதான். கடையில் நான் கொடுப்பது. வாங்கிப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

திரும்பும்போது மகள் என்னோடு வருவாள் என்று நினைத்தேன். அவள் சித்தப்பா வண்டியில், பையன்களோடு ஏறிக்கொண்டாள். பஸ்ஸில் நான் தனியாகத்தான் மலை இறங்கினேன்.

மறுநாள் அவர்கள் திருப்பூர் போன பிறகு மகள் கடைக்கு வந்தாள். கையில் இரண்டு தாள். ஒன்று பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் பெற்றோர் சம்மதக் கடிதம். கையெழுத்துப் போட்டேன். இன்னொன்று ரஃப் நோட்டிலிருந்து கிழித்த பக்கம்.

"சித்தப்பா லிஸ்ட்டுக்குப் போட்டீகள்ல, அதே மாதிரி இதையும் லேமினேட் பண்ணித் தாங்க."

முதல் இரண்டு வரியிலும் 'நான் வாந்தி' என்பதை ஸ்கேல் வைத்து அடித்திருந்தாள். பக்கத்தில் 'அப்பா பயம்' என்று இரண்டு தடவை எழுதியிருந்தாள். மூன்றாவது வரி இப்போது நிரம்பியிருந்தது: 'மூன்றாம் தடவை: ஏரி. நான் வாந்தி. பஸ் திரும்பவில்லை.'

கடையில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் பார்க்கப் பார்க்கத் தாளை உறைக்குள் வைத்து, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, மெதுவாக மிஷினில் விட்டேன். குமிழி விழவில்லை. அவள் அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள்.